கூப்பிட்டால் திரும்பாமல் நிற்பதும் மரியாதைதான்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்கு அருகே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மகளுக்கு 13 வயது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கம் வென்றதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆசை வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பழைய நெல்மில் கிடங்கில் எட்டு லேன் கொண்ட 10 மீட்டர் ரேஞ்ச், அதாவது சுடும் பயிற்சிக்கூடம், இருக்கிறது. அவளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் சேர்ந்து ஆறு மாதமாக ஏர் பிஸ்டல் பழகி வருகிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கரண்ட் போய், டார்கெட்டை இழுத்து வரும் மோட்டார் நின்றுவிட்டது. கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர், "அவரவர் போய் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தாமே முதலில், சுடுபவர்கள் நிற்கும் கோட்டைத் தாண்டி நடந்தார். மூன்று பிள்ளைகள் அவர் பின்னால் போனார்கள். ஆறாவது லேனில் ஒரு பையன் கையில் அப்போதும் பிஸ்டல் இருந்தது. சற்று நேரத்தில் டீயும் பழம்பொரியும் வந்தன. பெரியவர் அந்தப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவன் பிஸ்டலோடு அப்படியே நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினான். கோச் அலுவலக அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெரியவர் சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர், லைசென்ஸ் துப்பாக்கி வைத்து, பன்றி சுட அனுமதி பெற்றவர், 30 ஆண்டுகளாகத் துப்பாக்கி பிடிப்பவர். ஆறு மாதம் பழகிய நான் அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்வது என் வேலைதானா? ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருடையது? மகளை நிறுத்திவிடலாமா?

— ஓர் ஆசிரியை, பாலக்காடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற மூன்றும் அதைச் சார்ந்தே இருக்கின்றன. ஆம், சொல்வது உங்கள் வேலைதான். ஆறு மாதம் பழகியவருக்கும் அது வேலை, ஆறு நாள் பழகியவருக்கும் அது வேலை, உங்கள் 13 வயது மகளுக்கும் அது வேலை. இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிநூலிலேயே, ஆபத்தாகக்கூடிய எதையும் கண்ட வீரர் அதை உடனே, சுடுவதைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசரிடம் அறிவித்தே ஆக வேண்டும் என்றும், ஒழுங்கு குறையும் இடத்தில் அதை நிலைநாட்டுவது அதிகாரிகளின் கடமையாக இருப்பதுபோல அதற்குத் துணைநிற்பது வீரர்களின் கடமை என்றும் எழுதியிருக்கிறது. ஒலிம்பிக்கில் சுடுபவர்களுக்கே அந்த விதி பொருந்துகிறது என்றால், நெல்மில் கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை பழகுபவர்களுக்கு அதிலிருந்து விலக்குக் கிடையாது.

அந்தக் கடமை ஏன் எல்லாருடையதாக வைக்கப்பட்டது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ரேஞ்சில் மிகக் குறைவாகப் பார்ப்பவர், துப்பாக்கியைக் கையில் பிடித்திருப்பவரே. 10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்குத்தாளில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வெள்ளைப் பொட்டு; பேனா முனையால் வைத்த புள்ளியைவிடப் பெரிதில்லை. அதன்மேல் மனத்தைக் குவித்து, ஒரு கண்ணுக்கு மறைப்பு மாட்டி, காதை அடைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்கும் பிள்ளைக்குப் பக்கத்து லேனில் என்ன நடக்கிறது என்பது தெரியாது, தெரியவும் கூடாது. அப்படித் தெரியாமல் நிற்கத்தான் பயிற்சி தரும் நாங்கள் மாதக்கணக்கில் பழக்குகிறோம். ஆகவே அவளுக்காகப் பார்க்கிற கண்கள் அவளைச் சுற்றியிருக்கும் மற்றவர்களுடையவையாகத்தான் இருக்க முடியும். அந்த நேரத்தில் கோட்டுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீங்கள், அந்தக் கிடங்கிலேயே எல்லாவற்றையும் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தீர்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் இருந்த இடத்தின் மதிப்பு உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, அந்தப் பையன் திரும்பியதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 20 ஆண்டுகளுக்கு மேலாக ரேஞ்ச் ஆபீசராகவும் கோச்சாகவும் நிற்கிற என் அனுபவத்தில், துப்பாக்கியின் குழல்வாய் மனிதர்கள் பக்கம் திரும்பிய தருணங்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் மிகப் பெரும்பாலானவை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதால் நேர்ந்தவை. அந்தப் பையன் ஒழுக்கம் கெட்டவன் இல்லை, டீச்சர். மிக நல்ல முறையில் வளர்க்கப்பட்டவன். பெரியவர்கள் கூப்பிட்டால் உடனே திரும்ப வேண்டும், முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும், முதுகைக் காட்டிக்கொண்டு பேசக் கூடாது என்று நாம்தான் வீட்டிலும் வகுப்பிலும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நம் பிள்ளைகள் அதைத் தலையால் யோசித்துச் செய்வதில்லை, உடம்பாலேயே செய்கிறார்கள். கையில் புத்தகம் இருந்தால் புத்தகத்தோடு திரும்புகிறார்கள், டம்ளர் இருந்தால் டம்ளரோடு திரும்புகிறார்கள், பிஸ்டல் இருந்தால் பிஸ்டலோடு திரும்புகிறார்கள். ரைபிளாவது நீளமானது, திரும்பும்போது மேசையிலோ பக்கத்துத் தடுப்பிலோ இடித்து நினைவூட்டும். பிஸ்டல் மணிக்கட்டோடு சேர்ந்து சத்தமில்லாமல் வந்துவிடும். போட்டி ஏர் பிஸ்டலின் விசை 500 கிராம் எடையைத் தாங்கினால் போதும் என்பது விதி, அதாவது ஓர் அரை லிட்டர் பால் பாக்கெட்டின் கனம். ஏர் ரைபிளுக்கு அந்தக் குறைந்தபட்சமும் கிடையாது. பலர் 100 கிராமுக்கும் கீழே வைத்திருக்கிறார்கள். திரும்பும் அவசரத்தில் விரல் சற்று அழுந்தினால் போதும்.

ஆகவே ரேஞ்சில் மரியாதை என்பதற்கு வேறு வடிவம் வைத்திருக்கிறோம், அதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும். கோட்டில் நிற்பவர், யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். தந்தை கூப்பிட்டாலும், கோச் கூப்பிட்டாலும், பரிசளிக்க வந்த விருந்தினர் கூப்பிட்டாலும், முதலில் துப்பாக்கியை மேசையில் இலக்கின் பக்கம் பார்த்து வைப்பார், குழல் காலி என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக்கைச் செருகுவார், கையை எடுப்பார், பிறகுதான் திரும்புவார். அதுவரை காத்திருப்பது கூப்பிட்டவர் அவருக்குத் தரும் மரியாதை. இன்னும் சரியாகச் சொன்னால், கூப்பிடவே கூடாது. அவர் துப்பாக்கியை வைக்கும்வரை பின்னால் நின்றிருந்து, பிறகு பக்கவாட்டில் வந்து பேச வேண்டும். நான் பயிற்சி தரும் இடத்தில் புதிய பிள்ளைகளை வைத்து இதை ஒரு விளையாட்டாகவே செய்வதுண்டு. கையில் வெறும் மரக்கட்டையைக் கொடுத்துக் கோட்டில் நிறுத்திவிட்டு, பத்து நிமிடத்தில் பத்துத் தடவை அவர்கள் பெயரை விதவிதமாகக் கூப்பிடுவேன், பெற்றோரை விட்டும் கூப்பிடச் சொல்வேன். முதல் வாரத்தில் எல்லாரும் திரும்புவார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருவர்கூடத் திரும்ப மாட்டார்கள். நீங்கள் ஆசிரியை, இதை என்னைவிட நன்றாகவே நடத்துவீர்கள்.

எல்லைப் பகுதியில் இதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. உங்கள் கிளப்பில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம் பேசுபவர்களாக இருப்பார்கள். மலையாளத்தில் ஒருவர் "மதி" என்றால் போதும் என்று பொருள்; பொள்ளாச்சியிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு அது யாரோ ஒருவருடைய பெயர். ஒருவர் "நோக்கு" என்று எச்சரித்தால் மலையாளக் காதுக்கு அது 'பார்' என்பது. தமிழ்ப் பாடநூல் படித்த காதுக்குக் குறிபார்க்கச் சொல்வதுபோலக் கேட்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் நிறுத்தச் சொல்வதற்கு ஒரே ஒரு சொல்தான் இருக்க வேண்டும், அது போட்டிகளில் பயன்படும் "ஸ்டாப்" என்பதாகவே இருந்துவிட்டால் பிற்காலத்தில் பிள்ளைகளுக்கும் உதவும். அதைச் சொல்பவர் காதடைப்பைத் தாண்டிக் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் அடுத்த நொடியே விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். யார் சொன்னது, எதற்காகச் சொன்னது என்ற கேள்விகளெல்லாம் பிறகுதான்.

அப்போது துப்பாக்கியில் பெல்லட் எனும் சிறு குண்டு ஏற்றியிருந்தால் என்ன செய்வது என்பது பல புதியவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. ஏர் துப்பாக்கியில் ஒருமுறை உள்ளே தள்ளிய பெல்லட்டைப் பொதுவாகத் திரும்ப வெளியே எடுக்க முடியாது. ஆகவே "சீக்கிரம் சுட்டு முடித்துவிடுவோம்" என்று தோன்றும். சுடக் கூடாது. இலக்கின் பக்கமே பார்க்க வைத்து, இன்னொரு கையை உயர்த்தி, ஏற்றியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரேஞ்ச் ஆபீசர் வந்து, முன்னால் ஒருவரும் இல்லை என்று தம் கண்ணால் பார்த்து, அனுமதி கொடுத்த பிறகு சுட்டுக் காலி செய்யலாம்.

கரண்ட் போனபோது நடந்ததுதான் உங்கள் கடிதத்தில் மிகக் கடுமையான விஷயம் என்பது என் கணிப்பு. பையன் திரும்பியது ஒரு தவறு. பெரியவரும் பிள்ளைகளும் கோட்டைத் தாண்டிப் போனதில் பல தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. துப்பாக்கிக் கல்வியில் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் ஒழுங்குபடுத்திய நான்கு விதிகளை உலகம் முழுவதும் சொல்லித் தருகிறார்கள்: எந்தத் துப்பாக்கியையும் ஏற்றப்பட்டதாகவே கருது, அழிக்க விரும்பாத எதன் மேலும் குழல்வாயைக் காட்டாதே, இலக்கைக் குறிபார்க்கும்வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கையும் அதற்கு அப்பால் இருப்பதையும் அறிந்துகொள். இவற்றில் ஒன்றை மறந்தாலும் மற்றவை காப்பாற்றிவிடும்படி இவை அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கோட்டுக்கு முன்னால் மனிதர்கள் நடக்கும்போது, குழல்வாயை எந்தப் பக்கம் வைப்பது பாதுகாப்பு என்ற கேள்விக்கே பதில் இல்லாமல் போய்விடுகிறது. அந்தப் பையன் அதுவரை மிகச் சரியாக இலக்கின் பக்கம் பிடித்திருந்தான். பெரியவர் முன்னே நடந்த அந்த நொடியில், அசையாமல் நின்ற அவனுடைய பிஸ்டல் மூன்று குழந்தைகளின் முதுகுப் பக்கம் பார்க்கும் பிஸ்டலாகிவிட்டது. அவன் எந்தத் தவறும் செய்யாமலேயே அது நடந்தது என்பதுதான் எனக்கு உறக்கம் கெடுக்கும் விஷயம்.

இதற்கு ஒரு நடைமுறையை உங்கள் கிளப் எழுதிவைத்துக்கொள்ளலாம். விளக்கு அணைந்தால் அதையே "ஸ்டாப்" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அவரவர் துப்பாக்கியை மேசையில் வைத்து, ஃப்ளாக்கைச் செருகி, கோட்டிலிருந்து இரண்டடி பின்னால் வந்து நிற்க வேண்டும். ஃப்ளாக் என்பது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில், ஏர் துப்பாக்கிக்குக் குழலின் முழு நீளத்துக்கும் ஊடுருவி வாய்ப்பக்கம் நீட்டித் தெரியும்படி இருக்க வேண்டும் என்பது விதி. குழலில் பெல்லட் இருந்தால் அது முழுதாகப் போகாது, ஆகவே வாய்ப்பக்கம் தெரியும் ஆரஞ்சு நுனி ஒரு சாட்சி போன்றது. ரேஞ்ச் ஆபீசர் டார்ச்சோடு எட்டு லேன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எட்டு ஆரஞ்சு நுனிகளை எண்ணிய பிறகுதான் "போகலாம்" என்று சொல்ல வேண்டும். யாராவது முன்னால் இருக்கும்வரை மேசைமேல் இருக்கும் துப்பாக்கியை ஒருவரும் தொடக் கூடாது; துடைக்கவும் கூடாது, உறைக்குள் வைக்கவும் கூடாது. கரண்ட் மீண்டு வந்தாலும் முன்னே சென்ற கடைசி ஆள் திரும்பிவிட்டார் என்று எண்ணிப் பார்க்காமல் மோட்டாரைப் போடக் கூடாது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கதவு படீரென்று சாத்துவதும், தாள்கள் பறந்து கோட்டுக்கு முன்னால் விழுவதும் உங்களுக்குப் பழக்கமாகவே இருக்கும். அப்படி விழுந்த தாளும், உருண்டோடிய பெல்லட் டப்பாவும் அடுத்த "ஸ்டாப்" வரை அங்கேயே கிடக்கட்டும்.

ஏர் துப்பாக்கிதானே என்று ஒரு குரல் இந்த இடத்தில் எழும். அரை கிராம் எடையுள்ள ஈயப் பெல்லட் விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. கண்ணைப் போக்க அது தாராளமாகப் போதும். பின்பலகையில் பட்டுத் திரும்பித் தெறிக்கும் துணுக்குக்காகவே நான் கண்ணாடி அணியாத பிள்ளையைக் கோட்டில் நிற்க விடுவதில்லை. உங்கள் கிளப் பிற்காலத்தில் 50 மீட்டர் ரேஞ்சுக்கு வளர்ந்து பாயிண்ட் டுவென்டி டூ தோட்டாவைத் தொடும் நாளில் கணக்கே மாறிவிடும். அந்தத் தோட்டா ஒன்றரை மைல் தூரம் ஆபத்தானது என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். நம் கணக்கில் இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே நடக்க வேண்டிய ஒழுங்கை இங்கேதான் பழக முடியும்.

இனிப் பெரியவரிடம் வருகிறேன். அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி அளிக்கலாம் என்று கேரள அரசு 2022-இல் முடிவெடுத்த பிறகு, உங்கள் பகுதியில் விளைச்சலைக் காக்க இரவில் விழித்து நின்றவர்களில் அவரும் ஒருவராக இருப்பார். ஆனால் தோட்டத்தில் கற்ற பழக்கமும் ரேஞ்சில் வேண்டிய பழக்கமும் வேறு வேறு. தோட்டத்தில் அவர் ஒருவர், துப்பாக்கி ஒன்று, அது எந்த நிலையில் இருக்கிறது என்பது அவருக்கு எப்போதும் தெரியும். ரேஞ்சில் எட்டுத் துப்பாக்கிகள், அவற்றில் ஏழு அவருடையவை இல்லை. 30 ஆண்டுகளில் அவர் தம் கையில் இருக்கும் ஒரு துப்பாக்கியைக் கவனிக்கப் பழகியிருக்கிறார். மற்றவர் கையில் இருக்கும் ஏழையும் சேர்த்துக் கவனிப்பது அவருக்கும் புதிய பாடம். இந்த ஒரு விஷயத்தில் அவரும் நீங்களும் ஒரே வகுப்பு மாணவர்கள்.

நீங்கள் பேசாமல் இருந்ததற்கு வருந்துகிறீர்கள் என்பது வரிகளிலேயே தெரிகிறது. நானும் பேசாமல் இருந்திருக்கிறேன். எனக்கு 22 வயது இருக்கும்போது நான் பழகிய ஒரு கிளப்பில், நாங்கள் எல்லாரும் குருவாக நினைத்த ஒருவர் ரைபிளில் பெல்லட் ஏற்றினார். அந்த நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. ரைபிளை அப்படியே ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுப் போனார். அவர் ஏற்றியதை நான் என் கண்ணால் பார்த்தேன், ஃப்ளாக் போடாததையும் பார்த்தேன். "அவருக்குத் தெரியாததா?" என்று நினைத்துக்கொண்டு என் டார்கெட்டை மாற்றப் போய்விட்டேன். பத்து நிமிடம் கழித்து ஒரு மாணவன் அதை எடுத்து, விசை எவ்வளவு மென்மையாக இருக்கிறது பார் என்று நண்பனுக்குக் காட்டினான். பெல்லட் கதவு நிலையில் பாய்ந்தது. அந்தக் கதவருகே பெருக்கிக்கொண்டிருந்த அக்காவின் தலைக்கும் அந்தத் துளைக்கும் இடையே நான்கு விரல் அகலம் இருந்தது. அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதார். எல்லாரும் அந்த மாணவனைத் திட்டினார்கள். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கிளப்பில், நடப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பதை அந்த அக்காவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவே எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. "அவருக்குத் தெரியாததா?" என்ற அந்த இரண்டு சொற்கள் எந்த ரேஞ்சில் யார் வாயிலிருந்து வந்தாலும் எனக்கு இன்றைக்கும் உடம்பு பதறுகிறது.

எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். ஆபத்து அந்த நொடியிலேயே இருக்கிறது என்றால் "ஸ்டாப்" என்ற ஒரு சொல் போதும். அதில் மரியாதைக் குறைவு கிடையாது, அது ஆளைப் பார்த்துச் சொல்லும் சொல்லே இல்லை. ஆபத்து நொடியில் இல்லாமல் பழக்கத்தில் இருந்தால், துப்பாக்கியைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றிப் பேச வேண்டாம். "நீங்கள் தவறாகப் பிடிக்கிறீர்கள்" என்பதைவிட "துப்பாக்கி இலக்குப் பக்கம் இருக்கட்டுங்க ஐயா" என்பது எளிதாகக் காதில் ஏறும். கூட்டத்தில் வைத்து விவாதம் செய்ய வேண்டாம். பெயரைச் சொல்லிக் கத்த வேண்டாம், அது அவரைத் திரும்ப வைக்கும். கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்க ஒருபோதும் முயல வேண்டாம். பிறகு, டீ குடிக்கும்போது தனியாக, "அன்றைக்குப் பிள்ளைகள் முன்னே போனபோது ஆறாவது லேனில் பிஸ்டல் கையில் இருந்தது, எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, அடுத்த முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகலாமா ஐயா?" என்று கேட்டால், எனக்குத் தெரிந்த மூத்தவர்களில் பெரும்பாலோர் அன்றே மாறிவிடுவார்கள். பலருக்கு அப்படி நடந்ததே தெரிந்திருக்காது. நீங்கள் பார்த்ததைப் பார்க்கும் இடத்தில் அவர் இல்லை.

சொல்வதைப்போலவே சொல்லக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு, அது உங்களுக்கும் மகளுக்கும் பொருந்தும். யாராவது உங்களைத் திருத்தினால், கோட்டில் நின்றபடி காரணம் விளக்க வேண்டாம். "சரிங்க, நன்றி" என்று சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். அவர் சொன்னது தவறாகவே இருந்தாலும் விவாதத்தை வெளியே வைத்துக்கொள்ளலாம். ஒருவர் தேவையில்லாமல் "ஸ்டாப்" சொல்லிவிட்டார் என்று அவரை நோக்கி ஒருமுறை யாராவது முகம் சுளித்துவிட்டால், அடுத்த முறை தேவைப்படும்போது அவர் சொல்ல மாட்டார். பிள்ளை சொன்ன ஸ்டாப் வீணாகப் போனால், கோச் அந்தப் பிள்ளையை அழைத்துப் பாராட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. அதனாலேயே பலர் அதைச் சட்டத்துக்கு வெளியே இருக்கும் பொருளாக நினைக்கிறார்கள். அசட்டையான செயலால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து ஏற்படுத்துவது, யாருக்கும் காயமே படாவிட்டாலும், நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவின்கீழ் குற்றம். மாநில எல்லையில் இருக்கும் வாளையாறு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அது ஒன்றே. சட்டம் அதன் வேலையை நடந்த பிறகுதான் செய்யும். நடப்பதற்கு முன்னால், அன்றைய வேளைக்கு ரேஞ்ச் ஆபீசர் யார் என்று கரும்பலகையில் ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும். அந்த ஒருவர் அந்த வேளையில் தாம் சுடக் கூடாது, போனில் பேசக் கூடாது, அறையைவிட்டுப் போக வேண்டியிருந்தால் கோட்டைக் காலி செய்துவிட்டோ, இன்னொருவரிடம் வாய்விட்டு ஒப்படைத்துவிட்டோதான் போக வேண்டும். உங்கள் கோச் அலுவலக அறையில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு லேனில் பிள்ளைகள் துப்பாக்கியோடு நிற்கும்போது அவர் அங்கே இருந்திருக்கக் கூடாது. பெரியவரிடம் பேசுவதற்கு முன்பாகவே நீங்கள் அவரிடம் இதைச் சொல்ல வேண்டும், மரியாதையாகவும் நேராகவும்.

பழம்பொரியைப் பற்றி ஒரு வார்த்தை. பெல்லட் ஈயத்தால் ஆனது. தொட்ட விரலில் அதன் தூள் ஒட்டியிருக்கும், வளரும் பிள்ளைகளின் உடம்புக்கு அது மிகவும் கெடுதல். தின்பண்டம் கிடங்குக்கு உள்ளேயே வர வேண்டாம். வெளியே போய், சோப்புப் போட்டுக் கை கழுவி, பிறகு சாப்பிடட்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூளைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். காற்று அடைக்கும் சிலிண்டரை வைத்திருப்பவர்கள் அதில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். பத்து ஆண்டு தாண்டியது ரேஞ்சுக்குள் வரக் கூடாது. 200 பார் அழுத்தம் தாங்கி நிற்கும் பாத்திரம் அது.

மகளை நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். இப்போது நிறுத்த வேண்டாம். இந்த வாரமே கோச்சைச் சந்தித்து மூன்று விஷயங்களை மட்டும் கேளுங்கள்: பலகையில் ரேஞ்ச் ஆபீசர் பெயர், கரண்ட் போனால் செய்ய வேண்டியதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய ஒரு தாள், நூலிழையில் தப்பிய சம்பவங்களைத் தேதியோடு எழுதிவைக்க ஒரு நோட்டு. அந்த நோட்டில் யார் பெயரையும் எழுத வேண்டாம், நடந்தது மட்டும் போதும். மாதம் ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து அதைப் படிக்கட்டும். உங்கள் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும், ஆகவே முதல் பதிவை நீங்களே எழுதுங்கள், உங்களுடைய மௌனத்தையும் சேர்த்து. அடுத்த ஐந்தாறு ஞாயிறுகள் கவனியுங்கள். கரண்ட் எப்படியும் ஒருநாள் போகும். அப்போது எட்டு ஆரஞ்சு நுனிகளை யாராவது எண்ணினால் மகள் அங்கேயே பழகட்டும். ஒருவரும் எண்ணாமல் முன்னே நடந்தால், நீங்கள் "ஸ்டாப்" சொல்லிவிட்டு, அவளுடைய துப்பாக்கியில் ஃப்ளாக் போட்டு, உறையில் வைத்து, அன்றே அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கோவைக்கோ பாலக்காட்டுக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தாலும் ஒழுங்காக நடக்கும் இடத்தைத் தேடிச் சேருங்கள்.